நான்சியின் பூதக்கண்ணாடி

கொம்பியூட்டர் விளையாட்டு என்று சொன்னாலே எங்கள் வீடுகளில் பெரியவர்களுக்கு இரண்டு விடயங்கள்தான் நினைவுக்கு வரும். ஒன்று துப்பாக்கிச் சத்தம். மற்றையது பரீட்சைப் பெறுபேறு. இரண்டு பயத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் நான் எழுதப்போவது துப்பாக்கியே தூக்காத ஒரு விளையாட்டைப் பற்றி. அதில் பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி வருகிறாள். பெயர் நான்சி ட்ரூ. எங்காவது ஒரு பொருள் காணாமற் போயிருக்கும், அல்லது ஒருவருக்கு விபத்து நடந்திருக்கும். அவள் அங்கே போய், பார்த்து, கேட்டு, குறித்துக்கொண்டு, என்ன நடந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். அவளுடைய கண்ணும் காதும் விளையாடுகிற நாங்கள்தான்.

கொழும்பில் வேலை செய்யும் நானா தன்னுடைய பழைய மடிக்கணினியை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது இந்த விளையாட்டுகளில் இரண்டு மூன்று அதற்குள் இருந்தன. கலவானயின் மழை உங்களுக்குத் தெரியும். பிற்பகலானால் சிங்கராஜ வனத்துப் பக்கமிருந்து இருட்டிக்கொண்டு வரும். ஒரு மின்னல் வெட்டினால் போதும், வாப்பா ஓடிவந்து பிளக்கைக் கழற்றிவிடுவார். பற்றரி பழையது. இருபது நிமிடம் தாங்கும். அந்த இருபது நிமிடத்துக்குள் ஒரு புதிரை அவிழ்த்துவிட வேண்டும் என்ற அவசரம் நான்சிக்குக் கூட இருந்திருக்காது.

திரையில் சுட்டியை நகர்த்தினால் அது ஒரு பூதக்கண்ணாடியாகத் தெரியும். கவனிக்க வேண்டிய பொருளின் மேல் போனால் அதன் நிறம் சிவக்கும். மேசை, அலுமாரி, சுவரில் மாட்டிய படம் எல்லாவற்றையும் அப்படித் தடவிப் பார்க்க வேண்டும். எடுத்த பொருட்கள் அவளுடைய பையில் சேரும். அங்குள்ளவர்களிடம் பேச வேண்டும். ஒவ்வொருவரும் ஏதோ ஒன்றை மறைப்பார்கள். மறைப்பவர்கள் எல்லோரும் குற்றவாளிகள் இல்லை என்பதுதான் இதிலுள்ள சுவை. எளிதானது, கடினமானது என்று இரண்டு நிலைகள் உண்டு. எளிதில் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று ஒரு பட்டியல் கிடைக்கும். கடினத்தில் அதுவும் கிடையாது. தவறான கதவைத் திறந்து ஆபத்தில் மாட்டிக்கொண்டால் ‘இரண்டாவது வாய்ப்பு’ என்று ஒரு பொத்தான் வரும். அதை அழுத்தினால் தவறுக்கு முந்திய நிமிடத்துக்குத் திரும்பிப் போகலாம். அந்தப் பொத்தானின் மேல் எனக்குப் பெரிய பொறாமை.

இந்த நான்சி ஒரு நூற்றாண்டை நெருங்கிக்கொண்டிருப்பவள். அமெரிக்காவில் 1930இல் முதல் கதைப் புத்தகம் வந்தது. அட்டையில் கரோலின் கீன் என்று ஆசிரியர் பெயர் இருந்தது. அப்படி ஒருவர் இருக்கவேயில்லை! எட்வர்ட் ஸ்ட்ராட்டமையர் என்ற பதிப்பாளர் கதைச் சுருக்கத்தைக் கொடுக்க, மில்ட்ரெட் வேர்ட் என்ற இளம் பெண் அதை நாவலாக எழுதினார். ஆரம்பத் தொடரில் 23 புத்தகங்கள் அவருடையவை. தொடக்கத்தில் ஒரு புத்தகத்துக்கு அவருக்குக் கிடைத்தது 125 டொலர். எழுதியது தான் என்று வெளியே சொல்ல அவருக்கு உரிமை இருக்கவில்லை. பதிப்பகங்களுக்கிடையே நடந்த ஒரு வழக்கில் 1980இல் அவர் சாட்சியம் அளித்தபோதுதான் உண்மை நீதிமன்றத்தில் வெளிவந்தது. துப்பறியும் பெண்ணைப் படைத்தவரையே ஐம்பது வருடம் கழித்துத் துப்பறிந்து கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. நான்சியின் எந்தக் கதையையும் விட எனக்கு இந்தக் கதை பிடிக்கும்.

கொம்பியூட்டருக்கு அவள் வந்தது 1998இல். பெண்பிள்ளைகள் கொம்பியூட்டர் விளையாட்டு வாங்க மாட்டார்கள் என்று வியாபாரிகள் நம்பியிருந்த காலம் அது. அமெரிக்காவில் ‘ஹெர் இன்ராக்டிவ்’ என்ற நிறுவனம் பெண்பிள்ளைகளை மனதில் வைத்தே விளையாட்டுகளை உருவாக்கியது. அதன் பிறகு முப்பதுக்கும் மேற்பட்ட நான்சி விளையாட்டுகள் வந்துவிட்டன. அதற்கும் முன்பு, 1985இல், கார்மன் சான்டியேகோ என்ற திருடியை நகரம் நகரமாகத் துரத்தும் ஒரு விளையாட்டு வந்திருந்தது. அந்தப் பெட்டிக்குள் டிஸ்க்கோடு உலகத் தகவல்கள் அடங்கிய தடித்த புத்தகம் ஒன்றும் கிடைக்கும். எந்த நாட்டின் நாணயம் எது, எந்தக் கொடியில் என்ன நிறம் என்று அதில் தேடிப் பார்க்காமல் திருடியைப் பிடிக்க முடியாது. புவியியல் டீச்சர்கள் இதை விரும்பியிருப்பார்கள்.

1985 என்றதும் எனக்கு இன்னொரு வருடம் நினைவுக்கு வருகிறது. அதற்குச் சரியாக நூறு வருடம் முன்பு, 1885இல், கண்டியைச் சேர்ந்த சட்டத்தரணி சித்தி லெப்பை அவர்கள் ‘அசன்பே சரித்திரம்’ என்ற நாவலை வெளியிட்டார். இலங்கையில் பிறந்த முதல் தமிழ் நாவல் என்று பாடசாலையில் மனனம் செய்து புள்ளி எடுத்திருப்போம். அது என்ன கதை என்று கேட்டால் பலர் விழிப்பார்கள். எகிப்தில் உயர்குடியில் பிறந்த குழந்தை கடத்தப்பட்டு, இந்தியாவில் வளர்ந்து, தான் யார் என்பது தெரியவரும் கதை. சூழ்ச்சி, பயணம், மர்மம் எல்லாம் அதில் உண்டு. வாப்பா தன் இளமையில் தமிழ்வாணனின் சங்கர்லாலை வாசித்தவர். நானா கொம்பியூட்டரில் வளர்ந்தவன். ஆனால் எங்கள் சமூகத்தில் மர்மக் கதை இவர்களோடு தொடங்கவில்லை. ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகை நடத்தியவரும், எங்கள் கல்விக்காக ஓடியோடி உழைத்தவருமான ஒரு பெரியவர் அதை அப்போதே எழுதிவிட்டார். அவருக்கு அது நேரத்தை வீணாக்கும் வேலையாகத் தோன்றவில்லை.

நான் அதிக நாள் விளையாடியதும் எகிப்தில் நடக்கும் ஒரு கதைதான். 2012இல் வந்தது. பாலைவனத்தில் தொல்பொருள் அகழ்வு முகாம் ஒன்று. தலைமை தாங்கியவருக்கு விபத்து நேர்ந்திருக்கிறது. கீழே ஓர் அரசியின் கல்லறை. முகாமில் சந்தேகப்பட வேண்டியவர்களில் ஒருவர் பெயர் அப்துல்லாஹ், இன்னொருவர் பெயர் ஜமீலா. எங்கள் பெயர்கள் இந்தப் பட்டியலில்தான் வருமா என்று முதலில் கோபம் வந்தது. பிறகு பார்த்தால் அங்கே நிற்கும் ஆங்கிலப் பெயர்க்காரர்களையும் நான்சி அதே கண்ணோடுதான் பார்க்கிறாள். கோபம் பாதி இறங்கியது. மீதிப் பாதியை வைத்திருக்கிறேன்.

ஒரு நாள் பக்கத்தில் அமர்ந்து தஸ்பீஹ் ஓதிக்கொண்டிருந்த உம்மும்மா திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: “இந்தப் புள்ள ஏன் மகள் மத்தவங்கட பெட்டியத் தொறந்து பாக்குது?”

“துப்பறியுது உம்மும்மா.”

“கேட்டுட்டா தொறந்த?”

எனக்குப் பதில் வரவில்லை. நான்சி யாரையும் கேட்பதில்லை. ஆள் இல்லாத நேரம் பார்த்து அறைக்குள் போவாள். லாச்சியை இழுப்பாள். டயறியை வாசிப்பாள். அகப்பட்டுக்கொண்டால் ‘இரண்டாவது வாய்ப்பு’. இவ்வளவு நாளும் இது எனக்கு உறுத்தவே இல்லை. உம்மும்மாவுக்கு ஒரு நிமிடத்தில் உறுத்திவிட்டது.

ஸூறதுல் ஹுஜுராத்தின் 12ஆவது வசனத்தை நாங்கள் எல்லோரும் இஸ்லாம் பாடத்தில் படித்திருக்கிறோம். அதிகமான சந்தேகங்களை விட்டும் விலகியிருக்கச் சொல்கிறது. பிறரைத் துருவித் துருவி ஆராய்வதைத் தடுக்கிறது. புறம் பேசுவதை, இறந்த சகோதரனின் மாமிசத்தைத் தின்பதற்கு ஒப்பிடுகிறது. மூன்றும் ஒரே வசனத்துக்குள் இருப்பதை நான் அன்றுதான் கவனித்தேன். சந்தேகம் வந்தால் ஒளிந்து பார்க்கத் தோன்றும். பார்த்ததைப் பேசாமல் இருக்க முடியாது. ஒன்று மற்றொன்றின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருகிறது.

உமர் (ரழி) அவர்களைப் பற்றிச் சொல்லப்படும் ஒரு சம்பவத்தை மௌலவியாக்கள் பயான்களில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இரவில் நகரைச் சுற்றி வந்த கலீபா, ஒரு வீட்டுக்குள் தவறு நடப்பதை அறிந்து மதிலேறி உள்ளே குதிக்கிறார். உள்ளே இருந்தவர் சொல்கிறார்: நான் ஒரு தவறுதான் செய்தேன், நீங்கள் மூன்று செய்துவிட்டீர்கள். ஒளிந்து பார்த்தீர்கள். வாசலால் வராமல் மதிலால் வந்தீர்கள். அனுமதியும் கேட்கவில்லை, ஸலாமும் சொல்லவில்லை. கலீபா அவரை விட்டுவிட்டுத் திரும்பிப் போனார். நான்சி ட்ரூ இருந்திருந்தால் என்ன செய்திருப்பாள் என்று யோசித்துப் பார்த்தேன். அந்த மனிதரின் லாச்சியையும் திறந்திருப்பாள்.

அப்படியென்றால் துப்பறிவதே கூடாதா? அதுவும் இல்லை. அதே ஸூறாவின் ஆறாவது வசனம், நம்பத்தகாதவர் ஒரு செய்தியைக் கொண்டுவந்தால் தீர விசாரித்துத் தெளிந்துகொள்ளச் சொல்கிறது. அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிடக் கூடாது என்பதற்காக. விசாரிக்க வேண்டும், ஆனால் துருவக் கூடாது. இரண்டுக்கும் நடுவே உள்ள கோடு எது?

எனக்கு அந்தக் கோட்டைக் காட்டியது ஸூறா யூஸுப். அதுவும் எகிப்தில் நடப்பதுதான், அந்த விளையாட்டைப் போலவே. அதில் சட்டை ஒரு சாட்சியாக வருகிறது, இரண்டு முறை. முதலில் சகோதரர்கள் பொய் இரத்தம் தோய்த்த சட்டையைக் கொண்டுவந்து, ஓநாய் தின்றுவிட்டது என்கிறார்கள். யஃகூப் (அலை) அவர்கள் நம்பவில்லை. பிள்ளையைக் கடித்துத் தின்ற ஓநாய் சட்டையைக் கிழிக்காமல் விட்டதா என்ற கேள்வியை விரிவுரையாளர்கள் இந்த இடத்தில் எழுதுவார்கள். பிறகு அஸீஸின் வீட்டில், அவருடைய மனைவி யூஸுப் (அலை) அவர்கள் மேல் பழி சொல்கிறாள். அவளுடைய குடும்பத்திலேயே ஒருவர் தீர்ப்புக்கு வழி சொல்கிறார்: சட்டை முன்பக்கம் கிழிந்திருந்தால் அவள் சொல்வது உண்மை, பின்பக்கம் கிழிந்திருந்தால் அவர் சொல்வது உண்மை. பார்க்கிறார்கள். பின்பக்கம் கிழிந்திருக்கிறது. ஓடியவரைப் பிடித்து இழுத்தால்தான் அப்படிக் கிழியும்.

யாருடைய பெட்டியும் திறக்கப்படவில்லை. எல்லோர் கண்ணுக்கும் முன்னால் இருந்த ஒரு பொருளை, சரியான கேள்வியோடு பார்த்தார்கள். அந்தக் கேள்வி பார்ப்பதற்கு முன்பே சொல்லப்பட்டது என்பதையும் கவனியுங்கள். பார்த்த பிறகு தங்களுக்குப் பிடித்த மாதிரி விளக்கம் சொல்ல ஒருவருக்கும் இடமிருக்கவில்லை. இப்படி ஒரு புதிரை நான்சியின் முப்பது விளையாட்டுகளில் எவராவது அமைத்திருக்கிறார்களா என்று எனக்குச் சந்தேகம்.

இது எனக்கு ஏன் வெறும் விளையாட்டுப் பேச்சாக இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இங்கு வருவதற்கு முன் நான் வேறொரு பாடசாலையில் படித்தேன். அங்கே தரம் ஒன்பதில் ஆசிரியர் தினத்துக்காக ஆளுக்கு 150 ரூபா வீதம் 31 பேரிடம் சேர்த்த 4,650 ரூபா காணாமற் போனது. வகுப்புத் தலைவியின் மேசைக்குள் ஒரு கொம்பாஸ் பெட்டியில் இருந்த பணம். இடைவேளை முடிந்து வந்து பார்த்தால் பெட்டி இருக்கிறது, பணம் இல்லை.

பத்து நிமிடத்துக்குள் வகுப்பு முழுவதற்கும் ‘யார்’ என்று தெரிந்துவிட்டது. தோட்டப் பக்கமிருந்து வரும் ஒரு மாணவி. பெயர் வேண்டாம். அவள் இடைவேளையில் வெளியே போக மாட்டாள். கென்டீனுக்குப் போகக் காசில்லை. சாப்பாடும் எல்லா நாளும் கொண்டுவர மாட்டாள். மற்றவர்கள் சாப்பிடும்போது பக்கத்தில் நிற்க வெட்கப்பட்டு, வகுப்பிலேயே இருந்து எதையாவது எழுதிக்கொண்டிருப்பாள். அவளுடைய பசியே அவளுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. ஒருவரும் அவளிடம் நேரே எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதிலாவது சொல்லியிருப்பாள். பார்வைக்கு என்ன பதில் சொல்வது? அடுத்த நாள் அவள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

அவள் பணத்தை எடுக்கவில்லை என்று எனக்குத் தெரியாது. எடுத்தாள் என்று மற்றவர்களுக்கும் தெரியாது என்பதுதான் எனக்கு உறுத்தியது. நான்சி விளையாட்டில் ஒவ்வொரு ஆளும் சொன்னதைத் தனித்தனியாகக் குறித்துப் பழகியிருந்தேன். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு, ‘அவள் மட்டும்தான் வகுப்பில் இருந்தாள்’ என்று உறுதியாகச் சொன்ன ஏழு பேரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டேன்: நீ கண்டாயா, கேட்டாயா? ஆறு பேர் கேட்டிருந்தார்கள். அந்த ஆறு பேரும் கேட்டது ஏழாவது ஆளிடமிருந்து. ஏழாவது ஆள், தண்ணீர்க் குழாயடியிலிருந்து ஜன்னல் வழியாக ஒரு வெள்ளை ஸ்கார்ப்பைப் பார்த்திருக்கிறாள். எங்கள் பாடசாலையில் எல்லோர் தலையிலும் வெள்ளை ஸ்கார்ப்தான்.

இரண்டாவது கேள்வி பணத்தைப் பற்றியது. கடைசியாக அதைக் கண்ணால் கண்டது யார்? தலைவி. எப்போது? முதலாம் பாடத்தில், எண்ணி வைத்தபோது. அதற்குப் பிறகு பெட்டியை ஒருவரும் திறக்கவில்லை. மூன்றாம் பாடத்துக்கு நாங்கள் எல்லோரும் விஞ்ஞான கூடத்துக்குப் போயிருந்தோம். நாற்பது நிமிடம் வகுப்பு திறந்து கிடந்தது. பணம் இடைவேளையில் போனது என்பதற்கே ஆதாரம் இல்லை. இடைவேளையில் போனது என்று நாங்கள் முடிவு செய்ததற்கு ஒரே காரணம், இடைவேளையில் அவள் அங்கே இருந்தாள் என்பது.

இதற்கிடையில் இரண்டு பேர் என்னிடம் வந்தார்கள். அவள் கொண்டுபோகாமல் விட்ட துணிப்பை ஒன்று மேசைக்கடியில் இருந்தது. “நீதானே டிடெக்டிவ், தொறந்து பார்” என்றார்கள். விளையாட்டில் என்றால் அந்தப் பையின் மேல் பூதக்கண்ணாடி சிவந்திருக்கும். உம்மும்மாவின் கேள்வி எனக்குக் காதில் விழுந்தது. நான் திறக்கவில்லை, அவர்களையும் திறக்க விடவில்லை. பையைக் கொண்டுபோய் வகுப்பாசிரியையிடம் கொடுத்தேன். கொப்பியின் கடைசிப் பக்கத்தையும் காட்டினேன். டீச்சர் வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று பிற்பகல் வகுப்பில், இனி இதைப் பற்றி ஒருவர் பெயரையும் ஒருவரும் சொல்லக் கூடாது என்று சொன்னார். காரணத்தையும் நேரங்களையும் பலகையில் எழுதிக் காட்டினார். பிறகு தோட்டத்துக்கு ஆள் அனுப்பினார். நான்காம் நாள் அவள் வந்தாள். வழமை போல ஜன்னலோரம் இருந்தாள். பையைத் திரும்ப வாங்கியபோது அதன் முடிச்சைப் பார்த்தாள். தான் கட்டிய முடிச்சு அப்படியே இருந்தது. அவள் ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

பணம் கிடைத்ததா என்று கேட்பீர்கள். கிடைக்கவில்லை. யார் எடுத்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. விளையாட்டுக்கும் வாழ்க்கைக்கும் நடுவே நான் கண்ட பெரிய வித்தியாசம் இதுதான். விளையாட்டில் குற்றவாளி கட்டாயம் அந்த நாலைந்து பேருக்குள் இருப்பார். கடைசிக் காட்சியில் அவரே வாக்குமூலமும் கொடுப்பார். இதற்குப் பழகிவிட்ட மனம், வெளியேயும் ஒரு குற்றவாளியைக் கண்டுபிடிக்காமல் அமைதியடைய மறுக்கிறது. அதனால் பெற்றோரே, பிள்ளைகள் இந்த மாதிரி விளையாட்டை விளையாடினால் தடுக்காதீர்கள், ஆனால் எங்கள் உம்மும்மாவைப் போலப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கேள்வி கேளுங்கள். ஆங்கிலமும் கொஞ்சம் வளரும். பேசுவது கீழே எழுத்திலும் ஓடும். அகராதியைப் பக்கத்தில் வைத்துத்தான் நான் விளையாடினேன். ‘அலிபை’ என்ற சொல்லைக் கற்றது அப்படித்தான். சம்பவம் நடந்த நேரத்தில் தான் வேறிடத்தில் இருந்ததாக ஒருவர் காட்டும் அத்தாட்சி.

தமிழில் இப்படி ஒன்று வராதா என்று அடிக்கடி நினைப்பேன். 2023இல் கனடாவிலுள்ள தமிழர் ஒருவரின் முயற்சியில் ‘வெண்பா’ என்ற விளையாட்டு வந்தது. இந்தியாவிலிருந்து கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. தாயின் சமையல் குறிப்புப் புத்தகம் கிழிந்தும் அழிந்தும் போயிருக்கும். மிஞ்சிய எழுத்துகளை வைத்து இட்லி அவிப்பது எப்படி என்று கண்டுபிடிக்க வேண்டும். அடுத்த வருடம் பிரித்தானியாவின் பாஃப்டா விருதும் அதற்குக் கிடைத்தது. துப்பறிய ஒரு கொலை வேண்டியதில்லை, அழிந்துபோன ஒரு வரி போதும் என்று அதை உருவாக்கியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

எங்கள் ஊரை வைத்தும் ஒன்று செய்யலாம். நான் எழுதத் தொடங்கியிருக்கிறேன். மாணிக்கக் கிடங்கு ஒன்றில் இல்லம் கழுவுகிற நாள். பங்காளிகள் எல்லோரும் சுற்றி நிற்கிறார்கள். கூடையில் கண்ட ஒரு நீலக்கல் மாலைக்குள் காணாமற் போகிறது. வழமை போல ஊர் ஒரு பெயரைச் சொல்லிவிடுகிறது. தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணின் பெயர். துப்பறிகிறவள் தரம் பத்தில் படிக்கும் பிள்ளை. அவளுடைய கையில் பூதக்கண்ணாடி இல்லை, கொப்பி மட்டும்தான். பெட்டிகளின் மேல் சுட்டியை வைத்தால் ‘உரியவரிடம் கேட்கவும்’ என்று வரும். ஆனால் வெளியே கண்ணுக்குத் தெரிகிற எல்லாவற்றையும் பார்க்கலாம். யாருடைய காலில் அட்டை கடித்த அடையாளம் புதிதாக இருக்கிறது, அவர் காட்டுப் பக்கம் போனாரா? யாருடைய செருப்பில் கிடங்கின் வெள்ளைக் களி, யாருடையதில் தோட்டத்துச் செம்மண்? அந்தப் பெண் எங்கே நின்றாள் என்பதை அவள் வாயால் சொல்லியும் ஒருவரும் நம்பவில்லை. கொழுந்து நிறுத்த புத்தகத்தில் அவளுடைய பிற்பகல் நிறை எழுதப்பட்டிருக்கிறது. அதைப் போய்ப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஆறு காட்சிகள் எழுதியாகிவிட்டது. கல்லை எடுத்தது யார் என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை. படம் வரைய ஆள் வேண்டும். உயர்தரத்தில் நன்றாக வரையும் தோழியர் யாராவது இருந்தால், இடைவேளையில் நூலகத்தில் என்னைச் சந்திக்கலாம்.